காகிதத்தில் நான் மூத்தவன்

எனக்கு ஒரே அண்ணன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனால் பள்ளிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் என்று எந்தக் காகிதத்தை எடுத்தாலும் நான்தான் அவரைவிட இரண்டு வயது மூத்தவன். முதல்முறை கேட்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். பிறகு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நாங்களும் வெகுகாலம் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

நடந்தது இதுதான். மேலூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் கிராமம் எங்களுடையது. சுற்றிலும் நெல் வயல், அதில் ஒரு குழிகூட எங்களுக்குக் கிடையாது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போவார்கள். என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று அண்ணனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காமலே வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு போடுகிறார்கள் என்று தெரிந்ததும் அம்மா ஒரே நாளில் இருவரையும் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினாள். பிறந்த தேதி என்று அப்போது எங்கள் தெருவில் யாரிடமும் எதுவும் இருக்காது. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் வயது வந்துவிட்டது என்று அர்த்தம். நான் அப்பாவைப் போல நெடுநெடுவென்று வளர்ந்தவன். காதைத் தொட்டதோடு நிற்காமல் பிடித்துத் திருகியும் காட்டினேன். அண்ணன் அம்மாவைப் போலக் குட்டை. எக்கி எக்கிப் பார்த்தும் அவருக்கு விரல்நுனிதான் பட்டது. தலைமை ஆசிரியர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார், எழுதினார், முடிந்தது. நெட்டையன் பெரியவன், குட்டையன் சின்னவன். அம்மா வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். எங்கள் ஆட்கள் அந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்து பேச முடியாத காலம் அது. அவளை யாரும் கேட்கவும் இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

அண்ணன் எட்டாவதோடு படிப்பை நிறுத்திச் சான்றிதழ் வாங்கியபோதுதான் தப்பு நடந்திருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. திருத்த வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு முன்னால் பிறந்த தேதி ஒரு விஷயமா? அண்ணன் கல்குவாரி லாரியில் கிளீனராகப் போய் டிரைவர் ஆனார். நான் விடுதியில் தங்கிப் படித்துப் பூகோள வாத்தியார் ஆனேன். காகிதத்தின்படி இரண்டு வருடம் முன்னதாகவே ஓய்வும் பெற்றேன். அன்றைக்கு அண்ணன் செய்த கேலி கொஞ்சமில்லை. "அண்ணே, வயசாயிருச்சு, பாத்து நடங்கண்ணே" என்று பிரிவுபசார விழாவிலிருந்து என் கையைப் பிடித்து அழைத்துவந்தார். என் மனைவிக்கு இது வேறு வகையில் வசதி. கணவனின் அண்ணன் முன்னால் ஒதுங்கி நிற்க வேண்டியவள் அவள். "காயிதப்படி பாத்தா நீங்க எனக்குக் கொழுந்தன்தான மாமா" என்று சொல்லி அவரை வம்புக்கு இழுப்பாள்.

அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணி போன பிறகு அவர் மதுரை ஆனையூரில் எங்கள் வீட்டு மாடிக்கே குடிவந்தார். லாரிக்காரராக இந்தியாவைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றியவர். மேலூர்க் கல்லை ஏற்றிக்கொண்டு வடக்கே போன ஒரு நடையில், எங்கோ ஒரு டீக்கடை வாசலில் நின்றபடி தூரத்துப் பனிமலையைப் பார்த்திருக்கிறார். அந்தக் கதையை எங்களுக்கு மனப்பாடமாகும் வரைக்கும் சொன்னார்.

"நீ புள்ளைகளுக்கு போர்டுல கோடு போட்டுக் காட்டுவேல்ல, அது நெசமாவே அங்ஙன நிக்கிதுடா. எம்புட்டுப் பெருசுங்குற!"

நான் பணியில் இருந்த காலமெல்லாம் இமயமலையைச் சாக்பீஸால் வரைந்தவன். ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே அவர் என்னை உசுப்பேற்றினார். கயிலாய மலைக்குப் போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வர வேண்டும். அதுவும் நேபாளத்தின் கடைக்கோடியில், ரோடு போய்ச் சேராத காட்டு வழியில், எல்லை வரைக்கும் நடந்தே போக வேண்டும். அதுதான் அவருடைய ஆசை. பெரிய பக்தர் என்றெல்லாம் சொல்ல முடியாது. கோவிலுக்குப் போனால் சாமியைவிடப் பிரசாதத்தின் மீதுதான் கண் இருக்கும். ஒருநாள் நானே கேட்டேன், எதற்கு அவ்வளவு தூரம் என்று.

"எட்டாங் கிளாசுக்கு அப்பறம் நம்ம ரெண்டு பேரும் சேந்து எங்கயாச்சும் போயிருக்கமாடா? நீ ஆஸ்டல்ல, நான் லாரில. ஒரு தடவ சேந்து நடந்துட்டு வந்துருவோம். வேற என்ன இருக்கு நமக்கு?" என்றார்.

மறுநாளிலிருந்து நானும் நடக்க ஆரம்பித்தேன். யானைமலை, அழகர்மலை, நாகமலை என்று மதுரையைச் சுற்றி இருக்கிற மேடு ஒன்றையும் விடவில்லை. பழகுவதற்காக முதுகுப்பையில் அரிசி மூட்டை கட்டிக்கொண்டு ஏறினோம். ஒத்தக்கடைப் பக்கம் டீ குடிக்கிறவர்கள், "அண்ணே, மலைமேல கல்யாண வீடா?" என்று கேட்பார்கள். மூச்சு வாங்குவது எப்போதும் நான்தான். அண்ணன் முன்னால் போய் நின்று, திரும்பிப் பார்த்து, நான் வரும்வரை காத்திருப்பார்.

பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தோம். கிளம்ப வேண்டியதுதான் பாக்கி என்று இருந்தபோது கொரோனா வந்தது. உலகமே பூட்டிக்கொண்டபோது அந்தப் பாதையும் மூடியது. மற்ற ஊர்களெல்லாம் திறந்த பிறகும் அது மட்டும் திறக்கவில்லை. இந்தியாவுக்கும் சீனாவுக்கும் நடுவே சரியில்லை என்றார்கள். நாங்கள் செய்தித்தாளைப் பார்ப்பதும் மலை ஏறுவதுமாக வருடங்களை ஓட்டினோம். ஒருவழியாகப் பாதை திறக்கிறது என்ற செய்தி வந்த அன்று, அண்ணன் மாடியிலிருந்து இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தார். அந்த வயதில் அப்படி இறங்கக் கூடாது என்று என் மனைவி சத்தம் போட்டாள்.

மாசி வீதிப் பக்கம் ஒரு மாடியில் இந்த யாத்திரைகளை நடத்தும் ஒருவரின் அலுவலகம் இருந்தது. தன்மையான மனிதர், நடுத்தர வயது. என்னென்ன காகிதம் வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். பாஸ்போர்ட்டில் காலக்கெடு இன்னும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மீதமிருக்க வேண்டும். காது இரண்டும் தெரிகிற மாதிரி படம் வேண்டும். இதயம், நுரையீரல் எல்லாம் சரி என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும். நேபாளத்தின் அந்த எல்லைப் பகுதியில் நடக்க அவர்களிடம் தனி அனுமதி. அந்தப் பக்கம் திபெத்துக்குள் போக இன்னொரு அனுமதி. விசா மட்டும் வேடிக்கையாக இருந்தது. தனித்தனியாக முத்திரை கிடையாது. குழுவில் போகிற எல்லார் பெயரும் ஒரே தாளில் இருக்கும். அந்த வரிசைப்படிதான் எல்லையில் நிற்க வேண்டும். சேர்ந்து உள்ளே போய், சேர்ந்தே வெளியே வர வேண்டும்.

"அட, ரேசன் கார்டு மாதிரின்னு சொல்லுங்க" என்றார் அண்ணன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. இரண்டு பேர் பெயரும் ஒரே தாளில் அடுத்தடுத்து வருமா என்று கேட்டார். வரும் என்றார் அந்த மனிதர்.

பிறகு எங்கள் பாஸ்போர்ட்டுகளைப் பிரித்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது. என்னைப் பார்த்து, "சார், எழுபது ஆயிட்டா அந்தப் பக்கம் பெர்மிட் குடுக்கறதில்ல. ஒங்களுக்கு எழுபத்தொண்ணு நடக்குது" என்றார். அண்ணனுடையதைக் காட்டி, "இவருக்கு அறுபத்தொம்பதுதான். இவரு தாராளமாப் போகலாம்" என்றார்.

அண்ணன் சிரித்தார். வழக்கம்போல அதைச் சொல்லிப் புரிய வைத்துவிடலாம் என்று நினைத்தார். காதைத் தொட்ட கதையைக் கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் நடித்தே காட்டினார். "நெசத்துல எழுபத்தொண்ணு எனக்குத்தான், இவன் சின்னப்பய" என்றார். அந்த மனிதர் பதறிப்போய், "ஐயா, அத வெளிய சொல்லாதீங்க, அப்பறம் நீங்களும் போக முடியாது" என்றார். அதன்பிறகு அண்ணன் சிரிக்கவில்லை.

படி இறங்கி வரும்போது எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் கோபப்படுவது? தலைமை ஆசிரியர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இத்தனை வருடம் பாதையைப் பூட்டிவைத்தவர்களை நான் எங்கே போய்ப் பார்ப்பது? மூடாமல் இருந்திருந்தால் அந்தக் காகிதத்து வயதோடேயே நான் போய் வந்திருப்பேன். மாசி வீதிக் கூட்டத்தில் நின்றுகொண்டு அண்ணனிடமே எரிந்து விழுந்தேன். அவர் ஒரு ஜிகர்தண்டா வாங்கிக் கையில் கொடுத்து, குடி என்றார்.

என் தேதியை மட்டுமாவது திருத்த முடியுமா என்று அலைந்தேன். தாலுகா அலுவலகத்தில் பழைய பிறப்புப் பதிவேட்டைத் தேடச் சொன்னேன். எங்கள் தெருப் பிறப்புகளை யாரும் அந்தக் காலத்தில் பதியவே இல்லை. பிறகு ஒரு வக்கீலைப் பார்த்தோம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், நீங்க கவர்மென்ட் சம்பளம் வாங்கி ரிட்டயர்டு ஆனவரு. ஒங்க பென்சனே இந்தத் தேதில ஓடுது. இப்பப் போயி நான் ரெண்டு வயசு சின்னவன்னு சொன்னா யாரு ஒத்துக்குவா?" என்றார். நான் விடவில்லை. சாட்சி இருந்தால் என்று ஆரம்பித்தேன்.

"சாட்சின்னா ஒங்கள விட மூத்தவுங்க இருக்கணும், நீங்க பொறந்தத பாத்தவுங்க. அப்படி யாராச்சும் இருக்காங்களா?"

"எங்க அண்ணன் இருக்காரு. இந்தா ஒக்காந்திருக்காரு."

வக்கீல் அண்ணனுடைய ஆதாரை வாங்கிப் பார்த்தார். "இவரு ஒங்களுக்குத் தம்பியாச்சே சார்" என்றார். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். சிரிப்பை அடக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். நான் வந்து பார்த்தபோது கோர்ட்டு வேப்பமரத்தடியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவன் வராமல் நான் மட்டும் போய் என்ன கிழிக்கப் போகிறேன் என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். காலையில் மலைக்கும் போகவில்லை. மாடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அப்படி அவரைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் போ என்று சொல்லவும் மனம் வரவில்லை, போகாதே என்று சொல்லவும் மனம் வரவில்லை. கடைசியில் அவரே ஒரு காலையில் கீழே வந்து, நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கும்போது எதிரே உட்கார்ந்தார்.

"அடுத்த வருசம் எனக்கும் காயிதத்துல எழுபது ஆயிரும். அப்பறம் நம்ம வீட்டுல யாருமே பாக்க முடியாது. போயிட்டு வாரேன்டா. கோவிச்சுக்கிறாத."

கோபமெல்லாம் இல்லை. பொறாமை இருந்தது. அதைவிட அதிகமாக, அவர் தனியாகப் போகிறாரே என்ற கலக்கம் இருந்தது. மருத்துவர் டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். அவர் பார்த்த சீட்டில் வயது அறுபத்தொன்பது. இந்த வயதில் இந்த இதயம் இருப்பது கொடுத்துவைத்தது என்று அவர் சொன்னபோது, அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

யாத்திரை அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்களில் ஒன்று, வழியில் இறந்துபோனால் உடலை அங்கேயே தகனம் செய்ய எனக்குச் சம்மதம் என்பது. எல்லோரும் போட வேண்டியதுதான் என்றார்கள். அதைப் படித்ததும் என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அண்ணன் சிரித்துக்கொண்டே தன் பெயரை எழுத்துக் கூட்டி இங்கிலீஷில் போட்டார். "நம்மாளுக பொதைக்கிறவுங்க. அங்ஙன எரிக்கிறதாம்ல. பொட்டில போட்டு இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு அலையாதீங்க, சொல்லிட்டேன்" என்றார்.

விமான நிலையத்துக்கு நானும் போனேன். முதுகுப்பையில் அரிசி இல்லாமல் அவர் நடப்பதைப் பார்க்க ஏதோ குறைவது போல இருந்தது. உள்ளே போகும் முன் பாதுகாப்பு ஆள் பாஸ்போர்ட்டைக் கேட்டபோது, ஒருகணம் என் பாஸ்போர்ட்டும் அண்ணன் கையில் இருந்தது. பழக்கத்தில் நான் இரண்டையும் சேர்த்தே உறையில் வைத்திருந்தேன். என்னுடையதை எடுத்து என் சட்டைப்பையில் வைத்துவிட்டு, தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

காட்மாண்டுவிலிருந்து பேசினார். குழு விசாத் தாள் வந்துவிட்டது, என் பெயருக்குக் கீழே உன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வேலூர்க்காரர் பெயர் இருக்கிறது என்றார். அந்த வேலூர்க்காரர் குறட்டை விடுகிறார் என்றும் புகார் சொன்னார். அதன்பிறகு மலைக்குள் போய்விட்டார்கள். போன் கிடையாது. நான் என் பழைய அட்லஸை எடுத்து வைத்துக்கொண்டு, இன்றைக்கு இந்த ஆற்றங்கரையில் நடப்பார், இன்றைக்கு எல்லைப் பாலத்தைத் தாண்டியிருப்பார் என்று விரலால் தொட்டுக்கொண்டே இருந்தேன். சோற்றுக்கு உட்கார்ந்தாலும் அதே நினைப்புதான்.

மறுபடி அவர் குரல் கேட்டது காட்மாண்டுவுக்குத் திரும்பிய பிறகு. தொண்டை கட்டியிருந்தது. முழுச் சுற்றும் நடந்தே முடித்தேன், குதிரை ஏறவில்லை என்றார். பாதிப் பேர் உயரமான கணவாய்க்கு முன்னாலேயே திரும்பிவிட்டார்களாம். மலை எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"வந்து சொல்றேன்டா. போன்ல சொல்ற சமாச்சாரம் இல்ல அது. மாடில ஒக்காந்து நெதானமாச் சொல்லணும். நாளன்னைக்கு வந்துருவேன்."

"ஒடம்பு நல்லாருக்கா?"

"கொஞ்சம் அசதி. தூங்குனாச் சரியாப் போகும். கத்திரிக்காக் கொழம்பு வைக்கச் சொல்லு. அங்ஙன சாப்பாடு வாயில வைக்க வெளங்கல."

அந்தக் கத்திரிக்காயை வாங்கத்தான் மறுநாள் காலையில் பரவை மார்க்கெட்டில் நின்றுகொண்டிருந்தேன். யாத்திரை நடத்துபவர் போன் செய்தார். அண்ணன் பெயரைச் சொல்லி, சார், சார் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு நிறுத்தினார். தூக்கத்திலேயே போய்விட்டார், பக்கத்துக் கட்டில்காரர் எழுப்பிப் பார்த்திருக்கிறார் என்று பிறகு சொன்னார். கடைக்காரர் என் பையில் காயைப் போட்டுக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கே கிளம்பினேன். எனக்கு அந்த நாட்டுக்குள் போக எந்தத் தடையும் இல்லை. பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள், போகலாம் என்றார்கள். எழுபத்தொன்றா என்று யாரும் கேட்கவில்லை. நடக்கத்தான் வயது வேண்டும், பிணத்தை வாங்க வேண்டாம் போலிருக்கிறது. விமானத்தில் ஜன்னல் ஓர இருக்கை கிடைத்தது. ஓர் இடத்தில் எல்லோரும் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். மேகத்துக்கு மேலே வெள்ளையாக மலைத்தொடர் தெரிந்தது. நான் வாழ்நாளெல்லாம் வரைந்த மலை. பார்க்கப் பிடிக்காமல் குனிந்துகொண்டேன்.

அந்த விதி யாரைக் காப்பாற்ற எழுதப்பட்டதோ, அவரைத்தான் உள்ளே விட்டிருக்கிறது. எழுபதைத் தாண்டிய உடம்பு அந்த உயரம் தாங்காது என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். அண்ணனுக்கு எழுபத்தொன்று. காகிதம் வேறு மாதிரி சொன்னது, அவ்வளவுதான். இதை யாரிடமாவது சொல்லி அழ வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் காதில் பாட்டு வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

காட்மாண்டுவில் யாத்திரைக் குழுவின் உள்ளூர் ஆள் கூடவே இருந்தார். நாற்பது வயதிருக்கும், இங்கிலீஷ் தெரிந்தவர். ஆஸ்பத்திரிச் சீட்டு, போலீஸ் கடிதம், நம் தூதரகத்தின் சம்மதக் கடிதம் என்று உயிரோடு போனவருக்கு ஆனதைவிடக் கொஞ்சம் குறைவான காகிதம்தான் ஆனது. அண்ணனுடைய பாஸ்போர்ட்டை ரத்து செய்து கொடுத்தார்கள். உறவுமுறை எழுதும் இடத்தில் ஓர் அலுவலர் எங்கள் இருவரின் தேதிகளையும் பார்த்து, "இறந்தவர் உங்கள் தம்பி, இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார். அண்ணன் என்றேன். அவர் தேதிகளைக் காட்டினார். மாறி இருந்தால் உடலை விடுவிக்கத் தாமதமாகும் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அண்ணனை அந்தக் குளிர்பெட்டியில் இன்னொரு நாள் போட்டு வைக்க என்னால் முடியாது. தம்பி என்று எழுதிய இடத்துக்கு எதிரே கையெழுத்துப் போட்டேன்.

ஆற்றங்கரையில் படிக்கட்டு படிக்கட்டாக எரிமேடைகள் இருந்தன. அண்ணனை மூங்கிலில் கிடத்தி மஞ்சள் துணி போர்த்தியிருந்தார்கள். முகம் மட்டும் வெயிலில் கறுத்து, மூக்கு நுனியில் தோல் உரிந்திருந்தது. மற்றபடி தூங்குகிற மாதிரிதான். தலையில் நரைகூட எனக்கு இருக்கிற அளவு கிடையாது. காரியம் செய்கிற பெரியவர் வந்தார். காகிதத்தைப் பார்த்திருந்த உள்ளூர் ஆள், தகுந்த உறவுக்காரர் வந்திருக்கிறார், இறந்தவரின் அண்ணன் என்று அவரிடம் சொல்லியிருப்பார் போல. பெரியவர் கையில் எடுத்த தர்ப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

மூத்தவன் இளையவனுக்குக் கொள்ளி வைக்கக் கூடாதாம். நம் பக்கம் எரிக்கிறவர்களுக்கும் அதே வழக்கம்தான், எனக்குத் தெரியாததில்லை. வேறு யாராவது இளையவர் இல்லையென்றால் இங்கே இருக்கிற ஓர் ஆளை வைத்துச் செய்துவிடலாம், நீங்கள் தள்ளி நின்றுகொள்ளுங்கள் என்று உள்ளூர் ஆள் எனக்குச் சொன்னார்.

எனக்குள் என்னவோ அறுந்துபோனது. "எங்க அண்ணன்யா அது!" என்று தமிழில் கத்திவிட்டேன். படியில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் தம்பி, நான்தான் தம்பி என்று மார்பில் அடித்துக்கொண்டேன். பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கிடந்தவரைப் பார்த்தார். நெட்டையாக, தலை முழுக்க நரைத்து நான். குட்டையாக அவர். நம்புவதற்கு அதில் ஒன்றுமில்லை என்று எனக்கே தெரிந்தது. எப்படி நம்புவது என்று அவர் கேட்பதாக உள்ளூர் ஆள் சொன்னார்.

நான் இங்கிலீஷில் சொன்னேன். அவர் அதை அவர்கள் பாஷையில் திருப்பிச் சொன்னார். நான் பிறந்தபோது இவர் இருந்தார். என்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வதற்காகப் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் இருந்தார். நான் இல்லாமல் இவர் இரண்டு வருடம் இந்த உலகத்தில் இருந்திருக்கிறார். இவர் இல்லாமல் நான் ஒருநாளும் இருந்ததில்லை, நேற்று வரைக்கும்.

பெரியவர் என் தோளைத் தொட்டு உட்காரவைத்து, தர்ப்பையை எடுத்து என் விரலில் மாட்டினார். காகிதத்தைக் கேட்கவில்லை. தலையை மழித்து, ஆற்றில் முக்கி, வெள்ளைத் துணி கட்டிவிட்டார்கள். மூன்று சுற்று சுற்றிவரச் சொன்னார்கள், வந்தேன். வாயருகே நெருப்பை வைக்கச் சொன்னார்கள், வைத்தேன்.

எங்கள் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மனிதர், எந்தச் சான்றும் இல்லாமல், வாய்ச்சொல்லை வைத்தே என்னைத் தம்பி என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். வக்கீலால் முடியாதது, தாலுகா அலுவலகத்தால் முடியாதது. இதைக் கேட்டால் எப்படிச் சிரிப்பார் என்று நினைத்துக்கொண்டே, சொல்வதற்காக அண்ணன் பக்கம் திரும்பினேன். எரிந்துகொண்டிருந்தார்.